கடைசி லேப்டாப்

வெர்னா பென் டிரைவைச் செருகிவிட்டு மூன்றாவது முறையாகப் பவர் பொத்தானை அழுத்தினாள். கறுப்புத் திரையில் மறுபடியும் அதே ஒற்றை வரி: இந்தக் கணினிக்கு இது ஒத்துவராது.

"சொல்லித் தொலை மனுஷா, நான் என்னதான் தப்பு பண்றேன்?"

கூடத்தில் போட்டிருந்த ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஆர்லன் கண்ணைத் திறக்காமலே உதட்டை அசைத்தார். "முப்பத்திரெண்டு பிட்டு... சிவப்பு."

சிவப்பு நாடா ஒட்டிய பென் டிரைவ், அரதப் பழசான முப்பத்திரெண்டு பிட் கணினிகளுக்கென்றே அவர் தனியாக வைத்திருந்தது. மினசோட்டா பனியில் தெருத் தெருவாக அலைந்து, ஊரார் தூக்கிப் போட்ட லேப்டாப்களைப் பொறுக்கி வந்து, எதிலும் ஓடக்கூடிய லேசான லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டு, கேட்டவர்களுக்குச் சும்மா கொடுத்த மனிதர். பன்னிரண்டு வருஷம் இந்தக் குப்பையைத் திட்டித் தீர்த்த வெர்னாவின் மடியில்தான் இன்று கடைசி லேப்டாப் இருந்தது.

மகள் டார்லாவுக்குப் பொறுக்கவில்லை. "நர்ஸ் என்னம்மா சொன்னாங்க? இன்னிக்குத் தாண்டாதுன்னாங்க. இப்பப் போயி இதைக் கட்டிக்கிட்டு அழறியே!"

"நாலு மணிக்கு நதீன் வருவா. ஸ்கூல்ல தரை தொடச்சுக்கிட்டே காலேஜ் சேந்திருக்கா, திங்கக்கிழமை கிளாஸு. தரேன்னு சொன்னது ஒங்கப்பா. அவரு இருக்கும்போதே இதை முடிச்சுக் காட்டுவேன்."

சிவப்பு டிரைவைச் செருகியதும் திரை நீலமாக எழுந்தது. ஆர்லனுக்கு அதற்குள் பேச்சு நின்றுவிட்டிருந்தது. வெர்னா இடது கையால் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் படிக்கிறேன். சரின்னா அழுத்து. மொழி இங்கிலீஷ்?"

அழுத்தினார்.

"நம்மூர் நேரத்துக்கு சிகாகோன்னு காட்டுது. நீ என்னைக்கு என்னை சிகாகோ கூட்டிட்டுப் போன? சரி, போட்டுக்கவா?"

லேசாக அழுத்தினார். அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"டிஸ்க்ல இருக்கிறதெல்லாம் அழிஞ்சிடும்ங்குது. தொடரலாமா?"

திரையிலிருந்து கண்ணை எடுத்து அவரைப் பார்த்தாள்.

"ஆர்லன், தொடரலாமா?"

அவர் கை அவள் கைக்குள் அப்படியே கிடந்தது. டார்லா ஓடி வந்து அப்பாவின் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தாள். "அம்மா..." என்றாள்.

வெர்னாவுக்குத் தெரிந்துவிட்டது.

"இரு" என்றாள் மகளிடம். வலது கையை நீட்டி, 'ஆம்' என்பதை அழுத்தினாள்.

திரையில் பட்டை மெல்ல நகரத் தொடங்கியது. பிடித்திருந்த கையை அவள் விடவில்லை.

"நாலு பர்சென்ட் ஆர்லன்" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "ஒம்பது."