காசிமேட்டு ஐஸில் இரண்டு உச்சங்கள்

ஐஸ் பாரை உடைக்கும் இயந்திரத்தின் சத்தம். நான் கல்லூரியில் படித்த நாட்களில் காசிமேட்டில் எங்கள் தெரு அதைக் கேட்டுத்தான் விழித்தது. யாரோ தூக்கத்தில் பல்லைக் கடிப்பதுபோல் இருக்கும். மீன்களோடு, எங்கள் பக்கத்துக் குத்துச்சண்டைக்காரர்களின் உச்சத்தையும் அந்த ஐஸ் ஃபாக்டரியில்தான் வைத்திருந்தார்கள்.

ஒருவனின் பலமெல்லாம் திரண்டு நிற்கும் அந்த உச்சம் இருபத்துமூன்று வயது வாக்கில் வரும். வந்ததும் கழற்றி, ஈரச் சாக்கில் சுற்றி, ஐஸுக்கு நடுவே கிடத்திவிட வேண்டும். சரியான எதிராளி அமையும்போது எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். உடம்பிலேயே விட்டால் ஒரு கோடைகூடத் தாங்காது.

சில வருடங்கள் கழித்து என் தம்பி தேசிங்குவின் உச்சமும் வியாசர்பாடி ஏசுபாதத்தின் உச்சமும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. இருவரும் யாரிடமும் தோற்றதில்லை. தங்களில் எவன் மேல் என்று தெரியாமல் சாகக் கூடாது என்பதைத் தவிர தம்பிக்கு வேறு ஆசை இல்லை. கல்யாணத்தைக்கூட அதற்குப் பிறகு என்று தள்ளி வைத்தான்.

நான் போய்க் கேட்டும், இருவரையும் மோதவிடக் குத்துச்சண்டைச் சங்கச் செயலாளர் நாகரத்தினம் ஒப்பவில்லை.

"ரெண்டும் தோக்காத புள்ளைங்கம்மா. மோதவிட்டா ஒண்ணு தோத்துடும். அப்பால யாரைக் காட்டிக் கூட்டம் சேக்கறது?"

நியாயமாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் தம்பியும் ஏசுபாதமும் சேர்ந்து ஃபாக்டரிக்குப் போய்த் தங்கள் உச்சங்களைப் பார்த்துவிட்டு வருவார்கள். உச்சம் உடம்பில் இல்லாததால் சீக்கிரமே நரைத்தார்கள்.

"உன்னுது நாறுதுடா தேசிங்கு."

"உன் மூக்கைத்தான் எப்பவோ ஒடைச்சுட்டானுங்களே மச்சான், உனக்கு எப்பிடித் தெரியும்?"

சிரிப்பு இருமலில் போய் முடியும்.

நாகரத்தினம் இறந்தார். அவர் மகன் செயலாளரானார், அவரும் ஒப்பவில்லை. பிறகு ஃபாக்டரியை இடிக்கப் போவதாகவும், அவரவர் சரக்கை எடுத்துக்கொள்ளும்படியும் சொல்லி அனுப்பினார்கள். வேறு வழியில்லாமல் போட்டி அறிவிக்கப்பட்டது.

தம்பி தன் உச்சத்தைப் போட்டுப் பார்த்தான். தோள் ஏறவில்லை, கூன் இடித்தது. ஏசுபாதத்துக்குக் கையே நுழையவில்லை.

"வுடு, அதுங்களே ஆடட்டும்" என்றான் ஏசுபாதம்.

உச்சங்கள் இரண்டும் ஐஸ் தண்ணீர் சொட்டச் சொட்ட மேடையேறின. இவர்கள் முதல் வரிசையில் மடக்கு நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். மூன்றாம் சுற்றில் ஏசுபாதத்தினுடையது விழுந்தது. நாற்காலியில் ஏசுபாதமும் தம்பியின் தோளில் சாய்ந்தான். நடுவர் எண்ணி முடிப்பதற்குள் அவன் உடம்பு குளிர்ந்துவிட்டது.

"மச்சான், நாந்தான்டா கெலிச்சேன். கேட்டியா?" என்று தம்பி அவனை உலுக்கினான். பிறகு மேடையருகே போய்த் தன் உச்சத்தின் கையைப் பிடித்தான்.

"யாரு பெருசு நீ?" என்று அது கையை உருவிக்கொண்டது. குரல் தம்பியுடையதுதான்.

அன்று அது எங்கள் வீட்டில் சாப்பிட்டது. நான் பரிமாறினேன். பிறகு விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வேயில் சேர்ந்து அரக்கோணம் போயிற்று.

தேசிங்கு அடுத்த ஐப்பசியில் இறந்தான். பிள்ளை இல்லாததால், கொள்ளி வைக்க அதையே வரச் சொன்னோம். அரைநாள் விடுப்பில் வந்து, வைத்துவிட்டு, மாலை வண்டிக்குத் திரும்பிவிட்டது.