சத்தமில்லாத ஒத்திகை

ஒன்றாம் வகுப்புக்குள் நுழைந்து அரை மணி நேரம் ஆவதற்குள் அவளுக்குப் பெயர் வைத்தாயிற்று. வகுப்பாசிரியை உயரத்திலும் பருமனிலும் பெரியவர் என்பதால் அவர் ஏற்கெனவே பெரிய டீச்சர். பயிற்சிக்கு வந்தவளோ கரும்பலகையின் உச்சியில் தேதி எழுதக் குதிகாலைத் தூக்கி எம்ப வேண்டியிருந்தது. முன்வரிசையிலிருந்து ஒரு குரல், “குட்டி டீச்சர், ஸ்டூல் வேணுமா?” என்றது. அவ்வளவுதான். பயிற்சியின் எட்டு வாரத்துக்கும் அதுவே பெயர்.

கேட்டது ஒரு பொடிசுதான். ஆனால் அந்தச் சத்தத்துக்குப் பக்கத்துக் கட்டடத்தில் இருந்தவர்களும் ஸ்டூல் தேடியிருப்பார்கள். பிள்ளைகள் அந்தச் சிறுமியைச் சைரன் என்று கூப்பிட்டார்கள். அவளும் ஏதோ பட்டம் வாங்கியவள் மாதிரிப் பெருமையாகத் திரும்பிப் பார்த்தாள்.

குட்டி டீச்சருக்கு இருபத்தாறு வயது. முன்பு மூன்று வருடம் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். முதன்முதலாகக் கண்ணாடி போட வரும் பிள்ளைகள் அழுது அமர்க்களம் செய்வார்கள். அவர்களை உட்கார வைத்துப் பேச்சுக் கொடுப்பது அவள் பொறுப்பு. விற்பனையைவிட அது அவளுக்கு நன்றாக வந்தது. “நீ ஏம்மா இங்க கண்ணாடி தொடைச்சிட்டு இருக்கே? போய் டீச்சருக்குப் படி” என்று முதலாளியே சொன்னார். படித்தாள். கடைசிக் கட்டம்தான் இந்தப் பள்ளிப் பயிற்சி. தினமும் சாயங்காலம் ஒரு குறிப்பேட்டில் அன்றைய வகுப்பைப் பற்றி யோசித்து எழுத வேண்டும் என்பது கல்லூரியின் கட்டளை. “நல்லா நடந்துச்சுன்னு மட்டும் எழுதாதீங்க. ஏன் நடந்துச்சுன்னு எழுதுங்க” என்று விரிவுரையாளர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

முதல் இரண்டு வாரம் குறிப்பேடு குஷியாக நிறைந்தது. மூன்றாம் வாரம் பெரிய டீச்சர் கால அட்டவணையை நீட்டினார்.

“கணக்கை நான் பாத்துக்கறேன்மா. பாட்டு, படம் எல்லாம் இனிமே உன் தலையில.”

“படம் சரி டீச்சர். பாட்டு…”

“ஏன், பாடத் தெரியாதா? ஒன்னாங்கிளாஸுக்கு என்ன கச்சேரியா பண்ணப்போறே?” என்று சொல்லிவிட்டு அவர் நோட்டுத் திருத்தக் குனிந்துவிட்டார்.

பாடத் தெரியாது என்பது சாதாரண வார்த்தை. குட்டி டீச்சரின் விவகாரம் அதற்கும் மேலே. இரண்டாம் வகுப்பில் பள்ளிப் பாட்டுக்குழுவில் நின்றபோது, பாட்டு டீச்சர் வரிசையோடு காதைக் கொடுத்துக்கொண்டே வந்து அவளிடம் நின்றார். கன்னத்தைத் தட்டி, “நீ வாயை மட்டும் அசைச்சாப் போதும், கண்ணு” என்றார். அன்பாகத்தான் சொன்னார். பத்தொன்பது வருடமாக அவள் அந்த அன்புக்குக் கட்டுப்பட்டு வந்தாள். பிறந்தநாள் கூட்டங்களில்கூட வாயசைப்பு மட்டும்தான். ஒரே ஒரு தடவை குளிக்கும்போது மறந்துபோய் ஒரு ராகத்தை இழுத்துவிட்டாள். தண்ணீர் மோட்டார் பழுதாகிவிட்டது என்று நினைத்து அண்ணன் ஸ்பேனரோடு மொட்டை மாடிக்கு ஓடினான். இன்றைக்கும் வீட்டில் அந்தக் கதையைச் சொல்லாமல் ஒரு விருந்தாளியையும் அனுப்புவதில்லை.

ஆகவே முதல் பாட்டு வகுப்புக்குக் கைபேசியையும் ஒரு சின்ன ஸ்பீக்கரையும் கொண்டுபோனாள். ஸ்பீக்கர் பாடியது. இருபத்தெட்டுப் பிள்ளைகளும் கல்யாண வீட்டில் சாப்பாட்டுக்குக் காத்திருப்பவர்கள் போல உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாவது பாட்டில் ஒருவன் செருப்பைக் கழற்றிப் பல் எண்ணுவது போல அதன் பட்டைகளை எண்ணத் தொடங்கினான்.

“டீச்சர், நீங்க பாட மாட்டீங்களா?” என்றாள் சைரன்.

“எனக்குத் தொண்டை சரியில்லம்மா.”

வாய்க்கு வந்த சின்னப் பொய். அதற்குக் கை கால் முளைத்தது மறுநாள்தான். காலையில் மேசைமேல் ஒரு படம் இருந்தது: நீளக் கழுத்துள்ள ஓர் உருவம், கழுத்தைச் சுற்றிச் சிவப்பு மஃப்ளர். ஒருத்தி தன் தண்ணீர் பாட்டிலை நீட்டி, “வெந்நி டீச்சர், அம்மா குடுத்தாங்க” என்றாள். யாராவது சத்தம் போட்டால் பத்துப் பேர் உதட்டில் விரல் வைத்து, “ஷ்ஷ்! குட்டி டீச்சருக்குத் தொண்டை வலி!” என்றார்கள். வகுப்பு அப்படி ஓர் அமைதியை அதுவரை கண்டதில்லை.

“என்னம்மா மந்திரம் போட்டே? நான் பதினோரு வருஷமாக் கத்தறேன், ஒன்னும் நடக்கல” என்று பெரிய டீச்சர் அதிசயித்தார். குட்டி டீச்சருக்கு மேசைக்கு அடியில் ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது. அன்றைய குறிப்பேட்டில் ‘வகுப்பு அமைதியாக இருந்தது’ என்று எழுதி, ‘ஏன்’ என்ற இடத்தைக் காலியாக விட்டாள்.

படம் வரையும் வகுப்பில் அவளுக்குத் தெம்பு இருந்தது. ஒரு வீட்டின் உருவரையை நகலெடுத்துக் கொடுத்து வண்ணம் தீட்டச் சொன்னாள். எல்லாம் ஒழுங்காகப் போனது, ஒருவனைத் தவிர. அவன் கறுப்பு கிரேயானை எடுத்து வீடு, வானம், மரம் எல்லாவற்றையும் மெழுகித் தள்ளிவிட்டான். முழுக் கறுப்புப் படம் வரையும் குழந்தைகளின் மனத்துயரம் பற்றிக் கல்லூரியில் ஒரு முழுப் பாடமே உண்டு. குட்டி டீச்சர் அவன் பக்கத்தில் மண்டியிட்டு, குரலைத் தாழ்த்தி, “ஏன் கண்ணா, வீட்ல ஏதாவது கஷ்டமா?” என்றாள்.

“கரன்ட் போயிடுச்சு டீச்சர்.”

“ஓ.”

“வீடு உள்ளதான் இருக்கு. வந்ததும் தெரியும்.”

அன்று அவள் இரண்டு பக்கம் எழுதினாள். ‘நான் வீட்டை வரைந்து கொடுத்துவிட்டு, நிறத்தை மட்டும் அவர்களுக்கு விட்டேன். அதிலும் ஒருவன் எனக்குத் தெரியாத ஒரு கதையைச் சொல்லிவிட்டான். வெறும் தாளாகக் கொடுத்திருந்தால் இருபத்தெட்டுக் கதை கிடைத்திருக்கும். கணக்கில் இரண்டும் மூன்றும் ஐந்து என்று சொல்லாவிட்டால் தப்பு. இங்கே என்ன சொல்லப்போகிறார்கள் என்று எனக்கு முன்கூட்டித் தெரிந்துவிட்டால்தான் தப்பு.’ எழுதியதைத் திரும்பப் படித்தபோது தானே கொஞ்சம் அசந்துபோனாள். மறுநாளிலிருந்து நகல் வீடுகள் அலமாரிக்குள் போயின.

ஆறாம் வாரம் பெற்றோர் கூட்டத்துக்கான அறிவிப்பு வந்தது. வகுப்புக்கு ஒரு பாட்டு. குட்டி டீச்சரே மழையைப் பற்றி நாலு வரி எழுதினாள்:

மேகம் வந்து மேலே நின்னு
யாரைத் தேடுது?
குடையை மறந்த ஆளைப் பாத்து
சொட்டுப் போடுது!

கல்லூரித் தோழி ஒருத்தி மெட்டுப் போட்டுப் பாடி அனுப்பினாள். அதைக் குட்டி டீச்சர் வகுப்பில் ஸ்பீக்கரில் ஓடவிட்டாள். பிள்ளைகளுக்குப் பிடித்துவிட்டது. சைரனுக்கு ரொம்பவே பிடித்துவிட்டது. பாட்டு ஒரு திசையில் போக, அவள் தனியே வேறு ஊருக்கு டிக்கெட் எடுத்தது போல ஓங்கிய குரலில் போய்க்கொண்டிருந்தாள்.

வராந்தாவில் போன தலைமையாசிரியை கதவருகே நின்றார். “நல்லாருக்கு. ஆனா அந்தப் பொண்ணைக் கொஞ்சம் பாத்துக்கோங்க. மத்தவங்க குரலே கேக்கல.”

குட்டி டீச்சர் சைரனிடம் போனாள். குனிந்தாள். கன்னத்தைத் தட்டினாள். “நீ வாயை மட்டும் அசைச்சாப் போதும், கண்ணு” என்றாள்.

சொல்லி முடித்தபிறகுதான் அது யாருடைய வாக்கியம் என்று உறைத்தது. திரும்ப எடுக்க வழி தேடுவதற்குள் மணி அடித்தது; பிள்ளைகள் பையோடு பறந்துவிட்டார்கள். அன்று குறிப்பேட்டைத் திறந்தாள், மூடினாள், திறந்தாள். ஒரு வரிகூட எழுதவில்லை.

மறுநாள் காலை வகுப்பு வாசலில் ஒரு பெண் காத்திருந்தார். ரப்பர் பூட்ஸ், முழங்கை வரை மடித்த சட்டை, கையைப் பிடித்தபடி சைரன். 

“டீச்சர்!” என்று அவர் கூப்பிட்டதில் வராந்தாத் தூணில் இருந்த புறாக்கள் எழும்பின. யாருடைய அம்மா என்று சொல்லவே வேண்டியதில்லை. “நேத்துலேர்ந்து இவ வாயை வாயை அசைக்கிறா, சத்தமே வரல. சாப்பிட வாடின்னா வாயை அசைக்கிறா. அவங்கப்பாகிட்டயும் அதே. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகவா?”

சைரன் அண்ணாந்து பார்த்து, அழகாக உச்சரித்து, சத்தமே இல்லாமல் ‘குட் மார்னிங் டீச்சர்’ என்றாள். முகத்தில் வருத்தத்தின் சாயல்கூட இல்லை. புது வித்தை கற்றவளின் பூரிப்பு.

“நான்தான்மா சொன்னேன்” என்றாள் குட்டி டீச்சர். “பாட்டுல… குரல் கொஞ்சம் கூட இருக்குன்னு…”

அந்த அம்மா கோபப்படவில்லை. சிரித்தார். “கூடத்தான் டீச்சர் இருக்கும். நான் மீன் ஏலம் விடறவ. ஏலக் கூடத்துல இருநூறு பேர் கத்துவான், அதுக்கு மேல என் குரல் ஏறணும். இவ என் வயித்துல இருந்தப்பவே அதைத்தான் கேட்டா. மெதுவாப் பேசுன்னா பேசுவா, சொல்லிப் பாருங்க. ஆனா மூடிறாதீங்க. மூடினா எனக்கு வீடு வீடாவே இல்ல.” சொல்லிவிட்டு வேலைக்கு நேரமாகிவிட்டது என்று பூட்ஸ் சத்தத்தோடு ஓடினார்.

அன்றைக்கே ஒத்திகை. தலைமையாசிரியை நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஸ்பீக்கரை அணைத்துவிட்டுப் பிள்ளைகளே பாட வேண்டும் என்பது அவர் விருப்பம். பெரிய டீச்சர் கையைத் தூக்கி, “ஒன்னு, ரெண்டு, மூணு!” என்றார்.

இருபத்தெட்டு வாய்கள் திறந்தன. ஒரு பொட்டுச் சத்தம் இல்லை.

மேகம் வந்தது, மேலே நின்றது, சொட்டுப் போட்டது, எல்லாம் உதட்டிலேயே. இடைவேளையில் சைரன் அந்த வித்தையை வகுப்புக்கே செய்து காட்டிப் பழக்கியிருக்கிறாள். குட்டி டீச்சரின் தொண்டைக்கும் அது நல்லது என்று ஏகமனதாக முடிவாகியிருக்கிறது. தலைமையாசிரியை ஒரு காதுக்குள் விரலை விட்டு ஆட்டினார். பிறகு மறு காது. “எனக்குத்தான் கேக்கலையா?” என்று மெல்லக் கேட்டார்.

பெரிய டீச்சருக்குச் சிரிப்பு பீறிட்டு வந்தது. இருமுவது போலச் சமாளித்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

இனி ஒளிய மேசையும் இல்லை. குட்டி டீச்சர் பிள்ளைகளுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள். தலைமையாசிரியை இருந்த பக்கம் திரும்பவே இல்லை. பார்த்தால் பேச்சு வராது.

“நான் ஒரு பொய் சொல்லிட்டேன். எனக்குத் தொண்டை வலியே இல்ல. எனக்குப் பாட வராது. சின்ன வயசுல வாயை மட்டும் அசைன்னு சொன்னாங்க, அதோட விட்டுட்டேன். நேத்து நானும் அதையே சொல்லிட்டேன். அது தப்பு.”

பிள்ளைகள் இதை ஜீரணித்தார்கள். செருப்புப் பட்டை எண்ணியவன், “அப்ப இப்பப் பாடுங்க” என்றான்.

பாடினாள். முதல் வரி தரையில் கிடந்தது. இரண்டாம் வரி எங்கோ விட்டத்தில் போய் முட்டியது. பிள்ளைகள் கைகொட்டிச் சிரித்தார்கள். நான்காம் வரி வருவதற்குள் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. முகம் சூடாகிவிட்டது, ஆனால் வானம் இடிந்து விழவில்லை. சைரன் எழுந்து பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஒரு நாள் முழுக்க அடக்கி வைத்த குரலை ஒரேயடியாகத் திறந்து, “டீச்சர், நீங்க என்னைய மாதிரியே பாடறீங்க!” என்றாள். அவளைப் பொறுத்தவரை அது பெரிய பாராட்டு.

தலைமையாசிரியை நாற்காலியை விட்டு எழுந்தார். “நாலு நாள் இருக்கு. சத்தமாவாவது பாடட்டும்” என்று சொல்லிவிட்டுப் போனார். 

அந்த நாலு நாளும் ஸ்பீக்கர் பையைவிட்டு வெளியே வரவில்லை. குட்டி டீச்சர் தப்பாகப் பாடினாள், பிள்ளைகள் திருத்தினார்கள். ‘தேடுது’வில் மேலே போக வேண்டும் என்று விரலை உயர்த்திக் காட்டினார்கள். சிலர் மேசையில் விரல் தட்டி மழை கொண்டுவந்தார்கள். சைரனை இடியாக வைத்துக்கொள்ளலாமே, பொருத்தமாக இருக்கும் என்று பெரிய டீச்சர் யோசனை சொன்னார். சைரன் ஒத்துக்கொள்ளவில்லை. “இடி வேணாம். எனக்குப் பாட்டுதான் வேணும்.” குட்டி டீச்சர் அவளைத் தன் பக்கத்தில் நிறுத்தி, மற்றவர்கள் பாடுவது உனக்குக் கேட்கிற அளவுக்குப் பாடு என்று மட்டும் சொன்னாள். சில வரிகளில் அது நடந்தது.

குறிப்பேட்டில் அந்த வாரம் எழுதியது: ‘ஐந்து வயதில் பாடுவது பாடகராக அல்ல. கூட இருப்பவர்களின் குரலைக் கேட்டுக்கொண்டே தன் குரலையும் விடாமல் வைத்திருக்கப் பழகுவதற்கு. எனக்கு இன்னும் பழகவில்லை. நானும் அதே வகுப்பில்தான் இருக்கிறேன்.’

கூட்டத்தன்று மேடை ஏறியதும் நெரிசலில் சைரன் முந்திக்கொண்டாள். மெட்டுக்கு ஒரு முழம் மேலே பாட்டைத் தொடங்கிவிட்டாள். மற்ற இருபத்தேழு பேரும் வேறு வழியில்லாமல் அங்கேயே ஏறினார்கள். ஆச்சரியம் என்னவென்றால், அன்றுதான் எல்லோரும் ஒரே சுருதியில் இருந்தார்கள். தப்பான சுருதி, ஆனால் ஒன்று. குட்டி டீச்சரும் ஓரத்தில் நின்று கூடவே பாடினாள். கடைசி வரிசையில் பூட்ஸ் அணிந்த அம்மா விசில் அடித்தார். தலைமையாசிரியை திரும்பிப் பார்த்தார். பார்த்துவிட்டு, தானும் கைதட்டினார்.

பயிற்சி முடிவில் கல்லூரி விரிவுரையாளர் மதிப்பீட்டுத் தாளில் இசைக்கு நேராக ‘மேம்பட வேண்டும்’ என்று எழுதினார். குறிப்பேட்டுக்கு முழு மதிப்பெண். மொத்தத்தில் தேறிவிட்டாள்.

கோடையில் வேறொரு பள்ளிக்கு நேர்முகத் தேர்வு. எதிரே மூன்று பேர். நடுவில் இருந்தவர் சான்றிதழைப் புரட்டிக்கொண்டே, “ஒன்னாம் வகுப்புன்னா பாட்டெல்லாம் வேணுமே. பாட வருமா?” என்றார்.

“வராது சார். ஆனா பாடுவேன்.”

அவர் கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கி அவளைப் பார்த்தார். ஏதோ எழுதினார். என்ன என்று தலைகீழாகப் படிக்க முயன்று தோற்றாள். வேலைக்கான கடிதம் மூன்றாவது வாரம் வந்தது: ஒன்றாம் வகுப்பு, ஆ பிரிவு, முப்பத்தொரு குழந்தைகள்.