நாற்பத்திரண்டாவது திருத்தம்

“கையேட்டில வெறும் லினக்ஸ் எண்டு எழுதாதையும். குனு லினக்ஸ் எண்டு எழுதும்.” “ரெண்டும் ஒண்டுதானே?” “எப்பிடி ஒண்டாகும்? கணினியை ஓட்டுற அந்த மென்பொருளுக்கு உள்ளுக்கை இருக்கிற கரு மட்டும்தான் லினக்ஸ். சுத்திவர மிச்சமெல்லாம் குனு எண்ட பேரில வேற ஆக்கள் வருசக்கணக்கா மாய்ஞ்சு செய்தது. அவையின்ர பேரை விழுங்கிறது களவு, ஜோசப்பின்.”

களவு... நேற்று என் கணவர் இக்னேசியஸ் அதை எவ்வளவு சுத்தமாகச் சொன்னார், சொல்லிவிட்டு முட்டைப்பொரியலை வழித்துத் தின்றார், இன்று காலை அந்தத் தட்டு இன்னும் கணினிக்குப் பக்கத்தில், மஞ்சள் காய்ந்து ஒட்டிக்கிடக்கிறது. இரண்டு மணிக்குப் பார்க்டேல் நூலகத்தில் அவருடைய கணினி வகுப்பு, அதற்குள் தமிழ்க் கையேட்டில் நாற்பத்தொரு இடம் திருத்த வேண்டும், ஒரேயடியாக மாற்றவும் முடியாது, கருவைச் சொல்லும் இடத்தில் பழைய பெயர், முழுவதையும் சொல்லும் இடத்தில் புதுப் பெயர், எந்தப் பக்கத்தில் எது வருகிறதென்று அவருக்குத் தெரியாதாம், எப்படித் தெரியும், எழுதியது நான் அல்லவா... டிரெக்டரிக்கு ‘அடைவு’ என்ற தமிழ்ச் சொல் ரெக்ஸ்டேல் பஸ்ஸில், வேலைக்குப் போகும் வழியில் எனக்கு வந்தது, டிக்கெட்டின் பின்பக்கத்தில் குறித்தேன். இவருடைய சிநேகிதர் சிவபாதம் அண்ணை அந்த நீளப் பெயரைக் கேட்டுப் போனில் சிரித்தாரே, “தேத்தண்ணியை, தேயிலை சீனி தண்ணி எண்டே ஐசே கேட்டு வாங்கிக் குடிக்கிறனீர்?” என்று, அதற்காக இவர் மூன்று மாதமாக அவரோடு பேசுவதில்லை, முகம் தெரியாத அமெரிக்கர்களின் பெயருக்காக இருபது வருட நட்பு போயிற்று, நான் மட்டும் சிரிப்பை அடக்கிக்கொண்டு தேத்தண்ணி ஊற்றினேன், சீ, ஏன் அடக்கினேன்? முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது... முகப்பில் கொட்டை எழுத்தில் ‘ஆக்கம்: இக்னேசியஸ்’, அதையும் தட்டியது இந்த விரல்கள்தான், மூன்று பதிப்பிலும், தட்டும்போதெல்லாம் இன்று கேட்போம் என்று நினைத்து, தட்டி முடித்து, வாயை மூடிக்கொண்டு... எனக்கே என்னைப் பார்க்க அருவருப்பு. மறைத்தாரா, மறந்தாரா? மறைத்திருந்தால்கூடச் சண்டை பிடிக்கலாம், அவருக்குத் தோன்றவேயில்லை, அதுதான், தோன்றவேயில்லை. நாற்பத்தொன்று.

சப்பாத்தைக் கொழுவிக்கொண்டே வாசலில் நின்று கேட்கிறார், “முடிஞ்சுதே? போட்டோக்கொப்பிக் கடைக்காரன் மத்தியானத்தோட பூட்டிப்போடுவான்.”

“இல்லை, இன்னும் ஒரு இடம் கிடக்கு.”

“எந்தப் பக்கம்?”

“முன்பக்கம்.” தட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். “இஞ்சேருங்கோ, அதில என்ர பேரையும் போடவேணும்.”