எமிலைக் குடிகாரனாக்கிய படம்

எங்கள் பத்திரிகை ஆசிரியர் டெக்ஸ்டர் க்ரல் நாற்காலியை விட்டு எழுந்திருப்பதே மதியச் சாப்பாட்டுக்குத்தான். அப்படிப்பட்டவரை வீரனாக்கி ஹாலிவுட்டில் ஒரு பேசும்படம் எடுத்துவிட்டார்கள். கதை கொடுத்தவரும் அவரேதான். 1931 வசந்தத்தில் படம் கிளீவ்லாந்துக்கு வந்தபோது, பத்திரிகையில் வேலை பார்த்த எல்லோரையும் அழைத்திருந்தார்.

உண்மையில் நடந்தது வேறு. இரண்டு வருடங்களுக்கு முன், கள்ளச்சாராயக் கும்பல் தலைவன் ரஸ் டோலன் ஒரு மளிகைக்கடைக்காரரைச் சுட்டுக் கொன்றான். சாட்சியைத் தேடிப் பிடித்துச் செய்தி எழுதியவள் நான். டோலனும் க்ரலும் சேர்ந்து குதிரைப் பந்தயத்துக்குப் போகிறவர்கள். அதனால் க்ரல் டோலன் பெயரை நீலப் பென்சிலால் அடித்துவிட்டு, ‘அடையாளம் தெரியாத நபர்’ என்று எழுதினார். அச்சுக்கோப்பவர் எமில் ஸ்ட்ராட் பென்சில் கோட்டுக்கு அடியில் இருந்ததைப் படித்தார். அதையே கோத்தார். க்ரல் பார்ப்பதற்குள் பத்திரிகை ஊரெல்லாம் போய்விட்டது. டோலன் சிறைக்குப் போனான், எமில் வேலை பறிபோய் வீட்டுக்குப் போனார். பாராட்டுக் கடிதங்கள் மட்டும் க்ரலுக்கு வந்தன. அவற்றுக்குச் சட்டம் போட்டு மாட்டிக்கொண்டார்.

படத்தில் ஆசிரியர் தோளில் குண்டடியோடு தானே எழுத்துக் கோக்கிறார். லஞ்சம் வாங்கிக்கொண்டு பெயரை எடுக்கிறவன் ஒரு குடிகார அச்சுக்கோப்பவன். அவன் பெயர் எமில். வயிற்றுப் புண்ணுக்குப் பால் தவிர எதுவும் குடிக்காத நிஜ எமில், மனைவி ஹில்டாவோடு எனக்கு முன்வரிசையில் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

வெளியே க்ரல் சுருட்டோடு நின்றிருந்தார். “மனசுல வச்சுக்காத எமில். படம்னா ஒரு வில்லன் வேணுமில்ல?”

“அதுக்கு இவர் எதுக்கு? நீங்களே நடிச்சிருக்கலாமே,” என்றாள் ஹில்டா.

எமில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார். “படத்துல ஈய எழுத்தெல்லாம் நேரா இருந்துச்சு சார். நெஜத்துல கண்ணாடியில பாக்குற மாதிரி இடம்வலம் திரும்பியிருக்கும். இருபது வருஷம் எங்க தலைக்கு மேல மாடியில உக்காந்திருந்தீங்க. ஒருநாளாவது கீழ எறங்கி வந்து பாத்திருக்கலாம்.”

க்ரல் தீக்குச்சியை உரசினார். சுருட்டைப் பற்றவைத்தார். அது ஏற்கெனவே எரிந்துகொண்டுதான் இருந்தது.

மறுநாள் எமில் என்னைத் தேடி வந்து, நான் எழுதிய அந்தப் பழைய தாளைக் கொடுத்தார். க்ரலின் பென்சில் கோடு அழியாமல் இருந்தது.

“இத்தனை நாள் ஏன் சொல்லல?” என்றேன்.

“கொலைகாரன் பேரு வெளிய வந்துருச்சு, அது போதும்னு இருந்தேன் மேபல். குடிகாரன்னுட்டாங்க பாரு, அதான் தாங்கல.”

தாளின் புகைப்படத்தோடு நான் எழுதியதை எங்கள் போட்டிப் பத்திரிகை முதல் பக்கத்தில் போட்டது. எங்கள் முதலாளி அன்றே க்ரலை வெளியேற்றினார். கொலைகாரனின் பெயரை மறைத்ததற்காக இல்லை. அந்தச் செய்தியை எதிராளி முந்திப் போட விட்டதற்காக. என்னையும் அனுப்பினார். போட்டிப் பத்திரிகை எமிலையும் என்னையும் சேர்த்துக்கொண்டது.

க்ரலுக்கு ஒரு குறையும் வரவில்லை. கலிபோர்னியாவுக்குப் போய் அடுத்த படத்துக்குக் கதை எழுதுகிறாராம். நேர்மையைப் பற்றியதாம்.