கடைசி இரண்டு வரி

தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் யார் சொந்தச் செலவில் கவிதைப் புத்தகம் போட்டாலும், வெளியீட்டு விழா அழைப்பிதழில் ஜெயகிருஷ்ணன் பெயர் இருக்கும். 'வாழ்த்துரை: இலக்கியச் செம்மல் சிட்லபாக்கம் ஜெயகிருஷ்ணன்.' அந்தப் பட்டத்தை யார் கொடுத்தார்கள் என்பது அவருக்கே நினைவில்லை. ஏதோ ஒரு அழைப்பிதழில் அச்சாகி, அதைப் பார்த்து அடுத்தவர்களும் போட்டுக்கொண்டே போய்விட்டார்கள். காப்பீட்டு நிறுவனத்தில் அதிகாரி, கணீரென்ற குரல், கூப்பிட்டால் தட்டாமல் வருகிற மனுஷர். ஒரு விழாவுக்கு வேறென்ன வேண்டும்?

புத்தகத்தை அவர் படிப்பதில்லை. மேடையில் உட்காருகிற யாருமே படிப்பதில்லை என்பதால் இதை அவருடைய தனிக் குற்றமாகச் சொல்ல முடியாது. புத்தகம் பெரும்பாலும் விழாவன்றுதான் அச்சகத்திலிருந்து வரும். மேடையில் வைத்துத்தான் கையில் கொடுப்பார்கள். முன்னால் பேசுகிறவர் முடிப்பதற்குள் நடுவில் எங்காவது பிரித்து, கைதட்டல் வாங்கக்கூடிய இரண்டு வரியைக் கண்டுபிடித்துவிடுவதில் ஜெயகிருஷ்ணன் கில்லாடி. அதை மெதுவாக ஒருமுறை, உரக்க ஒருமுறை படிப்பார். "இந்த இரண்டு வரிக்காகவே இந்த நூலைக் கொண்டாடலாம்" என்பார். பொன்னாடையை வாங்கிக்கொண்டு இறங்குவார். எழுதியவருக்கும் சந்தோஷம், வந்தவர்களுக்கும் சாப்பாடு. இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

கெசியாவின் புத்தகமும் அப்படித்தான் வெளியானது. சேலையூரில் கேம்ப் ரோடை ஒட்டிய ஒரு கல்யாண மண்டபத்தின் மாடி ஹால். கெசியா நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர். ஒரு தனியார் லேபில் இரத்தம் எடுக்கிற வேலை. புத்தகத்தின் பெயர் 'வெறும் வயிற்றில் வரவும்'. ஜெயகிருஷ்ணனின் விரல் பட்டுத் திறந்த பக்கத்தின் அடியில் இந்த இரண்டு வரி கிடைத்தது:

உதிரம் எல்லாம் ஒரே நிறம் – மனித
உள்ளத்தில் மட்டும் ஏன் பல நிறம்?

கேட்கவா வேண்டும். மெதுவாக ஒருமுறை, உரக்க ஒருமுறை. ஹால் அதிர்ந்தது. முதல் வரிசையில் கெசியாவின் கணவர் ஜேசன் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மூன்று மாதம் கழித்து ஜெயகிருஷ்ணன் சர்க்கரைப் பரிசோதனைக்காக சிட்லபாக்கத்தில் வீட்டுப் பக்கத்து லேபுக்குப் போனார். வெறும் வயிற்றில் ஒருமுறை, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு முறை. முதல் ஊசிக்கு அவர் வழக்கம்போல முகத்தைத் திருப்பி, சுவரிலிருந்த சிறுநீரகப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஹோட்டலில் இட்லி சாப்பிட்டுவிட்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். போனில் சார்ஜ் இல்லை. பையைத் துழாவினால் தண்ணீர் பாட்டிலுக்குக் கீழே கெசியாவின் புத்தகம் கிடந்தது. வேறு வழியில்லாமல்தான் பிரித்தார். அதை மறைப்பானேன்?

இரத்தம் எடுக்கும்போது
எல்லோரும் சுவரைப் பார்க்கிறார்கள்.
இருபது வருடமாய்
என் முகத்தை யாரும் பார்த்ததில்லை.
நேற்று ஒரு குழந்தை பார்த்தது.
எனக்குக் கை நடுங்கியது.

ஜெயகிருஷ்ணன் நிமிர்ந்து கண்ணாடிக் கதவுக்கு அப்பால் பார்த்தார். சற்றுமுன் தன் கையைப் பிடித்து ஊசி போட்டது அங்கே நடமாடிய மூன்று பெண்களில் எவள் என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை.

மறுபடி குனிந்தபோதுதான் கவனித்தார். கவிதை அங்கே முடியவில்லை. ஒரு இடைவெளி விட்டு, அடியில், அவர் மேடையில் முழங்கிய அதே இரண்டு வரி. நல்ல ரசத்தில் யாரோ சர்க்கரையைக் கொட்டிய மாதிரி இருந்தது.

அதற்குப் பிறகு அவர் புத்தகத்தைக் கீழே வைக்கவில்லை. நரம்பு கிடைக்காததற்குத் தானே மன்னிப்புக் கேட்கும் ஒரு பெரியவர். ரிசல்ட்டைச் சத்தமாகச் சொல்லிவிடாதீர்கள் என்று கண்ணாலேயே கெஞ்சும் ஒரு பெண். வீட்டுக்குப் போய் சப்பாத்தி மாவு பிசையும்போதும் கையை விடாத ஸ்பிரிட் வாசனை. எல்லாம் சின்னச் சின்னக் கவிதைகள், சொன்னதும் நிறுத்திக்கொள்கிறவை. அந்த ஒரு பக்கத்தில் மட்டும்தான் அப்படியொரு வால். அவருக்கு முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு, ஏனென்று தெரியாத ஒரு சந்தோஷம் வந்தது. நல்ல கவிதையைப் படித்து எத்தனை நாளாயிற்று என்று நினைத்துக்கொண்டார்.

இரண்டாவது ஊசிக்கு அவர் சுவர்ப் பக்கம் திரும்பவில்லை. ஊசி போட வந்த பெண்ணின் முகத்தையே பார்த்தார்.

"சார், ஊசியைப் பாக்காதீங்க. அந்தப் பக்கம் திரும்பிக்கோங்க" என்றாள் அவள்.

"நான் ஊசியைப் பாக்கலம்மா."

அவள் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, "கையை இறுக்கி மூடுங்க" என்றாள்.

வீட்டுக்கு வந்து மனைவி ஸ்ரீவித்யாவிடம் சொன்னார். கெசியாவை நேரில் போய்ப் பார்த்து, புத்தகம் நன்றாக இருக்கிறது என்று சொல்லப் போவதாக.

"நீங்கதான் எல்லார் புக்கையும் நல்லாருக்குன்னு சொல்றீங்களே" என்றாள் ஸ்ரீவித்யா, கீரையை ஆய்ந்துகொண்டே. "இது நெஜமாவே நல்லாருக்குன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து வந்திருப்பார்கள் என்று கணக்குப் போட்டு, ஜெயகிருஷ்ணன் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு சேலையூருக்குக் கிளம்பினார்.

கதவைத் திறந்த ஜேசன், வந்தவரைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்லாக, "கெசி, யாரு வந்திருக்காங்கன்னு பாரு" என்று உள்ளே குரல் கொடுத்தார். ஹாலில், வேத வசன காலண்டருக்குப் பக்கத்தில், தங்கநிறச் சட்டம் போட்ட ஒரு பெரிய படம் மாட்டியிருந்தது. ஜெயகிருஷ்ணன் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார். உதிரம் எல்லாம் ஒரே நிறம். கீழே சின்ன எழுத்தில், 'கவிஞர் கெசியா ஜேசன்'.

"நீங்க மேடையில சொன்னீங்க பாருங்க சார், அதுக்கு அடுத்த வாரமே பிரேம் போட்டுட்டேன்" என்றார் ஜேசன். "எனக்குக் கவிதையெல்லாம் ஒண்ணும் புரியாது. ஆனா இது புரிஞ்சுது."

கெசியா வந்து உட்கார்ந்தார். ஜெயகிருஷ்ணன் வந்த விஷயத்தைச் சொல்ல வாயெடுப்பதற்குள், அவர் எழுந்துபோய் ஒரு பச்சை ஃபைலைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார்.

"நானே வந்து பாக்கணும்னு இருந்தேன் சார். நாப்பது கவிதை. கிறிஸ்துமஸுக்குள்ள போட்டுடலாம்னு. நீங்கதான் அணிந்துரை எழுதணும்."

ஜெயகிருஷ்ணன் பிரித்தார். முதல் கவிதை, பிளட் பேங்கில் காத்திருக்கும் ஒரு தகப்பனைப் பற்றி அழகாக ஆரம்பித்து, 'குருதி கொடுப்போம், குவலயம் காப்போம்' என்று முடிந்தது. அடுத்தது, 'சாதியை மறப்போம், சகோதரராய்ச் சிறப்போம்'. அதற்கடுத்ததில் ஆரம்பமே கோஷம்தான். புரட்டப் புரட்ட ஃபைல் முழுக்க மேடைதான் இருந்தது. பெரியவரையும் காணோம், சப்பாத்தி மாவையும் காணோம்.

"முன்னாடியெல்லாம் எங்க முடிக்கிறதுன்னு தெரியாம அப்படியே விட்டுடுவேன் சார்" என்றார் கெசியா. "நீங்க அந்த ரெண்டு வரியை எடுத்துச் சொன்னதுக்கப்புறம்தான் எப்படி எழுதணும்னு எனக்குப் பிடிபட்டுச்சு."

ஜெயகிருஷ்ணனுக்கு ரொம்பச் சுலபமான ஒரு வழி இருந்தது. 'பிரமாதம் மேடம்' என்று சொல்லிவிட்டு, டீயைக் குடித்துவிட்டு, அணிந்துரைக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை கெடாது. இத்தனை வருஷமாக அவர் அதைத்தான் செய்துகொண்டிருந்தார். இந்த ஃபைல் அச்சாகிவிட்டால், அப்புறம் அந்த லேபில் கை நடுங்கிய பெண்மணி திரும்பி வரப்போவதில்லை. அவரை அனுப்பிவைத்தது தானாகத்தான் இருக்கும் என்பதும் அவருக்குத் தெரிந்தது. ஃபைலை மூடி டீப்பாயில் வைத்தார்.

"மேடம், ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு மேடையில பேசினப்போ நான் உங்க புக்கைப் படிச்சிருக்கல."

கெசியா சிரித்தார். "முழுசாப் படிச்சிருக்க மாட்டீங்கன்னு தெரியும் சார். டைம் எங்க இருந்திருக்கும்?"

"ஒரு கவிதைகூடப் படிக்கல. அந்த ரெண்டு வரி அடியில இருந்துச்சு, கண்ணுல பட்டுச்சு. கைதட்டு வாங்கும்னு தெரிஞ்சுது. அதான் படிச்சேன். அதுக்கு மேல என்ன எழுதியிருக்கீங்கன்னு நான் பாக்கவே இல்ல."

கெசியாவின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

"இப்போ படிச்சிட்டேன். ரெண்டு தடவை. அந்தக் கவிதை, 'கை நடுங்கியது'ன்ற எடத்துல முடிஞ்சிடுச்சு மேடம். அந்த ரெண்டு வரி அதுல இருக்கவே கூடாது."

டீயோடு வந்த ஜேசன் நடு ஹாலில் நின்றார். "சார், அதுக்குத்தானே எல்லாரும் கைதட்டினாங்க?"

"தட்டினாங்க சார். நான் தட்ட வச்சேன்."

கீழே தெருவில் தண்ணீர் கேன் வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. கெசியா பேசியபோது குரல் தாழ்ந்திருந்தது.

"அந்த ரெண்டு வரி நானா எழுதினதில்ல சார். டைப் பண்ணிக் கொடுத்தவரு, 'ஒரு மெசேஜ் இல்லாம மொட்டையா இருக்கே, இதைச் சேத்துக்கலாமா மேடம்'னு கேட்டாரு. எனக்கு மனசே இல்ல. வேணாம்னு சொல்லத் தெரியல. நீங்க அதைப் படிச்சு, எல்லாரும் கைதட்டினதும், அப்போ நமக்குத்தான் ஒண்ணும் தெரியலன்னு நெனச்சுக்கிட்டேன்." ஃபைலின் மேல் கையை வைத்தார். "நாப்பது சார். டூட்டி முடிஞ்சு வந்து உக்காந்து எழுதினது."

"என்னை மன்னிச்சிடுங்க" என்றார் ஜெயகிருஷ்ணன்.

கெசியாவுக்குக் கோபம் இருந்தது, அதை அவர் மறைக்கவும் இல்லை. வேறொன்றைக் கேட்டார்.

"மேடையில இருந்த மத்தவங்க? பட்டாபிராமன் சார் அவ்ளோ நேரம் பேசினாரே?"

"அவரும் படிக்கல."

"தலைமை தாங்கினவரு?"

ஜெயகிருஷ்ணன் தயங்கினார். இனிமேல் எதை மறைத்து என்ன? "அவரு மேடையில என்கிட்டதான் உங்க பேரு என்னன்னு கேட்டாரு."

"அதுக்கப்புறம் யாராச்சும்? புக்கு வாங்கிட்டுப் போனவங்க?"

"எனக்குத் தெரியல மேடம். உங்ககிட்ட யாராவது சொன்னாங்களா?"

கெசியா இல்லையென்று தலையாட்டினார். பிறகு ஜேசனைப் பார்த்தார். ஜேசன் டீத்தட்டைப் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நல்ல மனிதர்தான். மனைவிக்காக மண்டபம் பிடித்து, சாப்பாடு போட்டு, பிரேம் மாட்டியவர்தான். படிக்கவில்லை, அவ்வளவுதான்.

கெசியா ஃபைலை எடுத்து சோபாவுக்கு அடியில் தள்ளினார். அலமாரியிலிருந்து தன் புத்தகத்தின் ஒரு பிரதியைக் கொண்டுவந்து ஜெயகிருஷ்ணன் மடியில் வைத்துவிட்டு, எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அப்போ இதைப் படிச்ச மொத ஆளே நீங்கதான்" என்றார். "மொதப் பக்கத்துலேருந்து சொல்லுங்க சார். எது நல்லாருக்கு, எது நல்லால்ல, எல்லாத்தையும் சொல்லுங்க. எனக்குக் கேட்டுக்கறதுக்கு வேற யாரும் இல்ல."