டாக்டருக்குக் கொடுத்த குரல்

திகில் நாவலை ஒலிப்புத்தகமாக வாசிக்கும்போது எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. கொலைகாரன் யாரென்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள மாட்டேன். தெரிந்தால் குரல் காட்டிக்கொடுத்துவிடும். இப்போது வாசிக்கும் தொடர் நாவலின் முதல் பாகத்தில் இந்தப் பிடிவாதம் நன்றாகவே பலித்தது. கடைசி அத்தியாயத்தில் நான் நிஜமாகவே பதறியதைக் கேட்டு ஊரே பதறியது, என் அக்காவைத் தவிர. தையல்கடை வைத்திருக்கும் அவள், கதை சூடுபிடிப்பதற்குள்ளேயே “அந்த வக்கீல்தான்டா” என்று சொல்லிவிட்டு அடுத்த துணியை எடுத்துக்கொண்டாள்.

இரண்டாம் பாகம் ஒரே சப்பு. அச்சில் வந்தபோதே வாசகர்கள் அதைக் கிழித்துத் தொங்கவிட்டிருந்தார்கள். விவரம் எதுவும் காதில் விழாமல் நான்தான் தப்பி ஓடிக்கொண்டிருந்தேன். முதல் பக்கத்திலேயே டிரைவர் கார் டிக்கியைக் கழுவுகிறான். அடுத்த பக்கத்திலும் கழுவுகிறான். இவ்வளவு அப்பட்டமாகவா எழுதுவார்கள்? இது நம்மைத் திசைதிருப்பத்தான், உண்மையான ஆள் டாக்டர் என்று முடிவுகட்டினேன். டாக்டர் “சாப்பிட்டீங்களா?” என்று கேட்டால்கூட விஷம் சொட்டச் சொட்ட வாசித்தேன். டிரைவருக்கு வெள்ளந்திக் குரல். பாவம், கார் சுத்தமாக இருக்க ஆசைப்படும் ஜீவன் அல்லவா?

கடைசி அத்தியாயத்தில் டிரைவரைக் கைது செய்தார்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். “டாக்டர் வர்ற இடமெல்லாம் திரும்பப் படிக்கணும் சார். இப்படியே பதிப்பகத்துக்கு அனுப்பினா மூணாவது பாகம் உங்க கைய விட்டுப் போயிடும்.”

மூன்றாவது பாகத்தை விட எனக்கு மனமில்லை. அந்தக் குட்டி அறையில் தனியாக உட்கார்ந்து ஒரு கும்பலாகவே மாறிப் பேசும் சுகம் வேறு எதில் கிடைக்கும்? ஆனால் திருத்திப் படித்தால், அச்சுப் புத்தகத்தைப் போலவே முதல் பக்கத்தில் குட்டு உடைந்துவிடும்.

“எங்க அக்கா ஒரு தடவ கேக்கட்டும். அவ கண்டுபிடிச்சுட்டா எல்லாத்தையும் திரும்பப் படிக்கிறேன்” என்றேன்.

“உங்க அக்காவா? அப்ப தொண்டைய இப்பவே தயார் பண்ணிக்குங்க.”

அக்கா அந்தப் புத்தகத்தை இன்னும் தொட்டிருக்கவில்லை. தம்பி படித்தால்தான் அது புத்தகம் என்பது அவள் கட்சி. மறுநாள் காலையில் இயர்போனை மாட்டிக்கொண்டு மெஷினில் உட்கார்ந்தாள். நான் ஓரத்து ஸ்டூலில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

“டாக்டர்தான்டா” என்றாள் கொஞ்ச நேரத்திலேயே. நான் அடுத்த நகத்துக்குப் போனேன். மத்தியானம் மறுபடியும், “டாக்டரேதான். குரலே சரியில்லையே!”

கடைசி அத்தியாயம் வந்தது. மெஷின் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தது. அக்கா வாயைப் பிளந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரோ ஒருவருடைய பேன்ட்டின் கால் நுனி, பாதம் வெளியே வர வழியில்லாமல் மூடித் தைக்கப்பட்டிருந்தது.

“டேய்! அந்தப் பச்சப்புள்ள டிரைவரா?”

அளவு நாடா பறந்து வந்து என் முகத்தில் விழுந்தது. அதைவிட நல்ல விமர்சனம் எனக்கு இதுவரை வந்ததில்லை. உடனே ஒலிப்பதிவாளருக்கு போன் போட்டேன்.

“ஒரு வரிகூட மாத்த வேணாம் சார்.”

“அவங்களே ஏமாந்துட்டாங்களா? அப்படியே அனுப்பிடறேன். மூணாவது பாகத்துக்கும் உங்க பேரையே சொல்றேன்!”

அக்கா இயர்போனைக் கழற்றினாள். “எதடா மாத்தறதா இருந்த? சின்ன வயசுலேர்ந்து என்னைய ஒருத்தரும் ஏமாத்தினதில்ல. நீ எப்படி யோசிச்ச?”

பெருமையை அப்படியே வாங்கி வைத்துக்கொண்டிருக்கலாம். அவளிடம் முடியவில்லை. “யோசிக்கவே இல்லக்கா. நானும் டாக்டர்னுதான் நெனச்சேன்” என்று அசடு வழிந்தேன்.

அவள் என்னை உற்றுப் பார்த்தாள். பிறகு கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டு என் தலையைப் பிடித்து உலுக்கினாள்.

“நல்லவேளைடா! நீ புத்திசாலி ஆயிட்டியோன்னு பயந்தே போயிட்டேன்.”