தவளையின் தொம்

நான் கனவு காணலன்னு நிரூபிக்க எனக்கு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைக்கும்தான் டைம் கொடுத்தாங்க.

எங்க ஆபீஸ்ல வீடியோ கேம் செய்யறோம். குண்டுத் தவளை ஒண்ணு தாவித் தாவிப் போற கேம். இப்ப வரப்போறது அஞ்சாவது பாகம். எல்லாப் பாகத்துலயும் தவளைக்கு ஒரே ஒரு அடிதான்: எகிறிக் குதிச்சு, அந்தரத்துல ஒரு நொடி நின்னு, வயித்தாலயே தரையில விழும். கீழ மாட்டினவன் காலி. அதுக்கு எல்லாரும் வச்ச பேரு 'தொம்'. கேமை விளையாடிப் பார்த்துத் தப்பு கண்டுபிடிக்கறது என் வேலை.

திங்கட்கிழமை நான் தொம் அடிச்சப்ப தவளை தரையைத் துளைச்சுக்கிட்டு உள்ள போயிடுச்சு. அதோட அதுவரைக்கும் ஜெயிச்சதெல்லாம் அழிஞ்சு போச்சு. நான் போட்ட கத்தல்ல எல்லாரும் ஓடி வந்தாங்க. மறுபடி அடிச்சுக் காட்டினா தரை அசையவே மாட்டேங்குது. அடிச்சேன், அடிச்சேன், கட்டைவிரல் வீங்கினதுதான் மிச்சம்.

"தூக்கக் கலக்கத்துல பார்த்திருப்பீங்க"ன்னார் தலைமை இன்ஜினியர். "வெள்ளிக்கிழமை சாயங்காலம் கேம் வெளிய போகுது. அதுக்குள்ள காட்டுங்க. இல்லேன்னா அடுத்த பாகத்துக்கு வேற ஆள் பார்த்துக்கறேன்."

எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. ஆனா வாயைத் திறக்க முடியல, கையில ஆதாரம் இல்லையே!

வெள்ளிக்கிழமை மத்தியானம் அக்கா வந்தா. அவ பல் டாக்டர். வீட்டுச் சாவியை நான் எடுத்துட்டு வந்துட்டேன்னு திட்டிக்கிட்டே உள்ள நுழைஞ்சா. சின்ன வயசுல இந்தக் கேமுக்காக நாங்க முடியைப் பிடிச்சுச் சண்டை போட்டிருக்கோம்.

"இந்தத் தவளை இன்னும் உசுரோடதான் இருக்கா? கொடுடி இங்க!" கன்ட்ரோலரைப் பிடுங்கினா. குதிக்க வச்சு, பட்டனை டக் டக்னு ரெண்டு தடவை அழுத்தினா. தவளை தரைக்குள்ள போயிடுச்சு.

"ஐயையோ, நான் ஒண்ணும் பண்ணலடி!"

அப்பதான் எனக்கு உறைச்சுது. பழைய பாகங்கள்ல தொம் அடிக்க ரெண்டு தடவை அழுத்தணும். புதுசுல ஒரு தடவை போதும்னு மாத்திட்டாங்க, ஆபீஸ்ல எல்லார் கையும் அதுக்குப் பழகிடுச்சு. திங்கட்கிழமை என் கை என்னையும் அறியாம பழைய பழக்கத்துல ரெண்டு தடவை அழுத்தியிருக்கு. அப்புறம் காட்டியே தீரணும்னு பார்த்துப் பார்த்து ஒரே ஒரு தடவை மட்டும் அழுத்தித் தொலைச்சிருக்கேன்! பழைய பாகம் விளையாடின அத்தனை பேரும் அக்கா மாதிரிதானே அழுத்துவாங்க?

ஓடிப் போய் இன்ஜினியரைக் கையோட இழுத்துட்டு வந்தேன்.

"அக்கா, இன்னொரு தடவை அடி."

அடிச்சா. தவளை போச்சு. மறுபடி அடிச்சா. மறுபடி போச்சு. சுத்தி நின்னவங்க கைதட்ட ஆரம்பிச்சாங்க.

"பாவம், அது செத்துக்கிட்டே இருக்கு, உங்களுக்கு என்ன கொண்டாட்டம்?"ன்னா அக்கா.

இன்ஜினியர் முகம் வெளுத்துப் போச்சு. போனை எடுத்து, "இன்னைக்கு அனுப்ப வேண்டாம், நிறுத்துங்க"ன்னார். அப்புறம் என்னைப் பார்த்து, "நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது"ன்னார்.

நான் கன்ட்ரோலரை வாங்கி என் கையாலயே ரெண்டு தடவை அழுத்தினேன். தவளை உள்ள போச்சு. அப்பாடா! சிரிக்கறேன், கண்ணுல தண்ணியும் கொட்டுது.

"எதுக்குடி அழற?"

"அவங்க நம்பாதது கூடப் பரவால்லக்கா. நேத்துலேருந்து நானே என்னை நம்பல."

அக்கா தன் துப்பட்டாவால என் மூக்கைத் துடைச்சு விட்டா.